கம்பெனி, அரசு, குடிமைச் சமூகம் சேர்ந்து செய்யும் சமூகப் பொறுப்பு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நிறுவனங்களின் சமூகப் பொறுப்பு பற்றிய பயிற்சிக் கூட்டங்களில் மூன்று வகை ஆட்கள் வந்து உட்காருவார்கள்: கம்பெனிக்காரர்கள், அரசு அலுவலர்கள், தொண்டு அமைப்புகளையும் தொழிற்சங்கங்களையும் சேர்ந்தவர்கள். எந்தத் துறையாக இருந்தாலும் கேள்விகள் பெரும்பாலும் ஒன்றேதான். ஒரு தரப்பு மற்ற தரப்பின் மேல் வைத்திருக்கும் சந்தேகமும் அப்படித்தான். அடிக்கடி காதில் விழுந்தவற்றைக் கேட்டவர்களின் வார்த்தையிலேயே இங்கே தொகுத்திருக்கிறேன். முன்னால் சொன்னதைத் திரும்பச் சொல்வதைவிட அந்தக் கேள்வியைக் காட்டிவிடுவது சுலபம் என்பதால் எண் போட்டிருக்கிறேன்.

1. சி.எஸ்.ஆர். (நிறுவனங்களின் சமூகப் பொறுப்பு) என்றால் கம்பெனி செய்கிற தர்ம காரியம்தானே?

பலர் மனதில் இருப்பது பள்ளிக்கு மேசை நாற்காலி, மருத்துவ முகாம், மரம் நடும் விழா. அதுவும் இதில் சேரும், ஆனால் ஓரத்தில்தான். லாபத்தில் ஒரு பங்கை எப்படிச் செலவழிக்கிறோம் என்பதற்கு முன்பே, அந்த லாபம் எப்படி வந்தது என்ற கேள்வி இருக்கிறது. தொழிலாளிக்கு என்ன கூலி? கழிவுநீர் எங்கே போகிறது? மூலப்பொருள் வரும் இடத்தில் குழந்தைகள் வேலை செய்கிறார்களா? வரி ஒழுங்காகக் கட்டப்படுகிறதா?

2011-ல் ஐ.நா. மனித உரிமை மன்றம் ஏற்றுக்கொண்ட வழிகாட்டு நெறிகள் இதைத் தெளிவாகப் பிரித்துக் காட்டுகின்றன. ஐ.நா. சிறப்புப் பிரதிநிதி ஜான் ரகி தலைமையில் உருவான 31 நெறிகள் அவை. மக்களின் உரிமையைக் காப்பது அரசின் கடமை. அந்த உரிமையை மிதிக்காமல் தொழில் செய்வது நிறுவனத்தின் பொறுப்பு. மீறல் நடந்துவிட்டால் பாதிக்கப்பட்டவருக்குப் பரிகாரம் கிடைக்க வேண்டும். ஓரிடத்தில் செய்த நல்ல காரியத்தைக் காட்டி இன்னோரிடத்தில் செய்த மீறலை நேர்செய்துவிட முடியாது என்றும் அதன் விளக்கவுரை சொல்கிறது. கூட்டங்களில் இந்த வரிக்கு வரும்போதுதான் கம்பெனிக்காரர்கள் பேனாவை எடுப்பார்கள்.

2. குடிமைச் சமூகம் என்று யாரைச் சொல்கிறீர்கள்? என்.ஜி.ஓ.க்களையா?

அவர்களையும்தான். தொழிற்சங்கம், நுகர்வோர் அமைப்பு, விவசாயிகள் சங்கம், குடியிருப்போர் நலச் சங்கம், மீனவர் கூட்டமைப்பு, மாற்றுத்திறனாளிகள் அமைப்பு, ஆய்வு செய்யும் பல்கலைக்கழகத் துறை எல்லாமே இதில் வரும். அரசு அல்லாத, லாபத்துக்காக இயங்காத, மக்கள் தாங்களாகச் சேர்ந்து நடத்தும் அமைப்பு எதுவும் சேர்த்தி.

நடைமுறையில் கம்பெனிகள் இந்தப் பட்டியலில் தமக்கு வசதியானதை மட்டும் பொறுக்கிக்கொள்கின்றன. திட்டத்தை நிறைவேற்றித் தரும் தொண்டு நிறுவனத்தை அழைப்பார்கள், கேள்வி கேட்கும் சங்கத்தை அழைக்க மாட்டார்கள். அப்படி உருவாகும் கூட்டணியில் மூன்றாவது தரப்பு ஒப்பந்தக்காரராகத்தான் இருக்கும்.

3. மூன்று தரப்பும் எதற்கு? கம்பெனி பணம் தரட்டும், தொண்டு நிறுவனம் வேலையைச் செய்யட்டும். அரசு வந்தால் இழுத்தடிப்புதானே?

சின்ன வேலைக்கு நீங்கள் சொல்வது சரி. ஒரு நூலகத்துக்குப் புத்தகம் வாங்க மூன்று தரப்பு மாநாடு தேவையில்லை. பெரிய, நீண்ட காலப் பிரச்சினை என்றால் கதை மாறிவிடும். அதற்கு நான் எப்போதும் எடுத்துச் சொல்வது ஆற்றுக்குருடு நோய்.

வேகமாக ஓடும் ஆறுகளின் ஓரம் பெருகும் ஒரு வகைக் கருப்பு ஈ கடிப்பதால் வரும் புழு நோய் அது. ஆப்பிரிக்காவில் ஆற்றங்கரை நிலங்களை விட்டே மக்கள் வெளியேறிய பகுதிகள் உண்டு. ஐவர்மெக்டின் மருந்து இதற்கு வேலை செய்யும் என்று தெரிந்ததும், அமெரிக்காவின் மெர்க் நிறுவனம் 1987-ல் ஓர் அறிவிப்பு வெளியிட்டது: தேவைப்படும் அளவு, தேவைப்படும் காலம் வரை இலவசம். ஆனால் இந்த மருந்து உடலில் உள்ள புழுக் குஞ்சுகளைத்தான் அழிக்கும். வளர்ந்த புழு பத்து ஆண்டுக்கு மேலும் உயிரோடு இருந்து குஞ்சு பொரித்துக்கொண்டே இருக்கும். எனவே ஆண்டுதோறும், பல ஆண்டுகளுக்கு, சாலையே இல்லாத ஊர்களுக்கும் மருந்து போய்ச் சேர வேண்டும். இலவசமாகவே கிடைத்தாலும் இதைத் தனியாகச் செய்ய எந்தக் கம்பெனியாலும் முடியாது.

உலக சுகாதார அமைப்பு, உலக வங்கி, அந்தந்த நாட்டுச் சுகாதார அமைச்சகங்கள், தொண்டு அமைப்புகள் எல்லாம் சேர்ந்து 1995-ல் ஆப்பிரிக்காவுக்கென்று ஒரு திட்டத்தைத் தொடங்கின. மருந்தை எந்த மாதம் கொடுப்பது, யார் கொடுப்பது என்பதைக் கிராமமே முடிவு செய்யும் முறை அதில் வந்தது. எடை பார்க்கும் கருவி தேவைப்படாதபடி, உயரத்தைக் கோலால் அளந்து மாத்திரை எண்ணிக்கையைச் சொல்லிவிடுவார்கள். லத்தீன் அமெரிக்காவிலும் இது போன்ற கூட்டு முயற்சி நடந்தது. 2013-ல் கொலம்பியா இந்த நோய் பரவுவதை ஒழித்துவிட்டதாக உலக சுகாதார அமைப்பு உறுதிசெய்தது. அதற்கு முன் எந்த நாடும் இதைச் சாதித்ததில்லை. மருந்து கம்பெனியுடையது, எல்லா ஊருக்கும் போகும் அதிகாரமும் அமைப்பும் அரசுடையவை, நம்பிக்கை ஊர்க்காரர்களுடையது. இதில் ஒன்று குறைந்திருந்தாலும் மருந்து கிடங்கிலேயே காலாவதியாகியிருக்கும்.

4. கம்பெனியின் வேலை லாபம் சம்பாதிப்பது, வரி கட்டுவது. சமூகத்தைப் பார்த்துக்கொள்ள அரசு இருக்கிறதே?

இந்த வாதத்தைப் பிரபலமாக்கியவர் பொருளாதார அறிஞர் மில்டன் ஃப்ரீட்மன். 1970-ல் எழுதிய கட்டுரையில், நிர்வாகிகள் செலவழிப்பது பங்குதாரர்களின் பணம், அதை வைத்துச் சமூக சேவை செய்ய அவர்களுக்கு யார் உரிமை கொடுத்தது என்று கேட்டார். நியாயமான கேள்விதான். முதலாளி தன் பெயரில் அடுத்தவர் பணத்தில் அன்னதானம் செய்வது எனக்கும் பிடிக்காது.

ஆனால் அவரே ஒரு நிபந்தனை வைத்தார்: சட்டத்துக்கும் சமூகத்தின் அடிப்படை ஒழுக்கத்துக்கும் உட்பட்டு லாபம் சம்பாதிக்க வேண்டும். அதைப் பிடித்துக்கொண்டு போனால் 1-வது கேள்விக்கே வந்து சேருவோம். ஆற்றில் கழிவைக் கொட்டிச் செலவை மிச்சம் பிடிக்கும் கம்பெனி அந்தச் செலவைக் கீழே இருக்கும் ஊரின் தலையில் கட்டுகிறது. அதை நிறுத்துவதைத் தர்மம் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். அப்புறம், சட்டத்தைத் தளர்த்தச் சொல்லி அரசிடம் போய்ப் பேசுவதும் பல இடங்களில் அதே கம்பெனிகள்தான். ஒரு பக்கம் விதிகளை எழுத உதவிவிட்டு, மறு பக்கம் "விதிப்படிதான் நடக்கிறோம்" என்று சொல்வது செல்லாது.

5. சட்டம் போட்டுக் கட்டாயப்படுத்தினால் வேலை நடக்குமா, தானாக முன்வரட்டும் என்று விட வேண்டுமா?

எதைக் கட்டாயப்படுத்துகிறோம் என்பதைப் பொறுத்தது. ஒரு வகைச் சட்டம் "இவ்வளவு செலவு செய்" என்கிறது. மொரீஷியஸ் 2009-லேயே லாபத்தில் 2 சதவீதம் என்று விதித்தது. இந்தியாவின் 2013-ம் ஆண்டு நிறுவனங்கள் சட்டத்தின் 135-வது பிரிவு 2014 ஏப்ரல் முதல் நடைமுறையில் இருக்கிறது. நிகர மதிப்பு 500 கோடி ரூபாய், விற்றுமுதல் 1,000 கோடி, நிகர லாபம் 5 கோடி ஆகிய மூன்றில் ஏதாவது ஒன்றை எட்டிய நிறுவனம், முந்தைய மூன்று ஆண்டுச் சராசரி லாபத்தில் 2 சதவீதத்தைச் செலவிட வேண்டும். தொழிலின் வழக்கமான நடவடிக்கைகளுக்கான செலவை இதில் கணக்குக் காட்ட முடியாது.

இன்னொரு வகைச் சட்டம் நடத்தையைப் பிடிக்கிறது. பிரான்ஸ் 2017-ல் கொண்டுவந்த சட்டப்படி, உள்நாட்டில் குறைந்தது 5,000 பேரையோ உலகம் முழுக்கக் குறைந்தது 10,000 பேரையோ வேலைக்கு வைத்திருக்கும் பெரிய நிறுவனம் தன் துணை நிறுவனங்களிலும் சரக்கு தருபவர்களிடமும் உள்ள அபாயங்களைக் கண்டறிந்து, தடுப்புத் திட்டத்தை வெளியிட்டு நடைமுறைப்படுத்த வேண்டும். செய்யாவிட்டால் நீதிமன்றம் போகலாம். பிரிட்டனின் 2015 நவீன அடிமைமுறைச் சட்டம் இவ்வளவு தூரம் போகவில்லை. அது பெரிய நிறுவனங்களிடம் ஆண்டு அறிக்கை ஒன்றைத்தான் கேட்கிறது.

என் கணிப்பைச் சொல்லிவிடுகிறேன். முதல் வகையால் நிறையப் பணம் வரும், நிறையத் திட்டங்கள் வரும், ஆலைக்குள் எதுவும் மாறாமலும் போகலாம். இரண்டாவது வகையால் புகைப்படம் எடுக்க ஒன்றும் கிடைக்காது, மாற்றம் அங்கேதான் நடக்கும். தானாக முன்வருவது என்பது நல்ல நிறுவனங்களுக்கு மட்டும் வேலை செய்யும். அவர்களுக்குச் சட்டமே தேவையில்லை.

6. நாங்கள் ஐ.நா. உலக உடன்படிக்கையில் சேர்ந்திருக்கிறோம். அடுத்து ஐ.எஸ்.ஓ. 26000 சான்றிதழ் வாங்கப் போகிறோம். இது போதாதா?

ஐ.எஸ்.ஓ. 26000-க்குச் சான்றிதழே கிடையாது. பன்னாட்டுத் தர அமைப்பான ஐ.எஸ்.ஓ. சமூகப் பொறுப்புக்காக 2010-ல் வெளியிட்ட அந்தத் தரநிலை வழிகாட்டுதல் மட்டும்தான், சான்றளிப்புக்குப் பயன்படுத்தக் கூடாது என்று அதிலேயே எழுதியிருக்கிறது. யாராவது விற்க வந்தால் வாசலோடு அனுப்பிவிடுங்கள். படிக்க வேண்டிய ஆவணம் என்பதில் சந்தேகமில்லை. அரசு, தொழில்துறை, தொழிலாளர், நுகர்வோர், தொண்டு அமைப்புகள், ஆய்வாளர்கள் என்று ஆறு தரப்பும் உட்கார்ந்து எழுதியது அது.

உலக உடன்படிக்கை, பொறுப்பாகத் தொழில் செய்வதற்கான சில கோட்பாடுகளை ஏற்பதாக நிறுவனங்கள் தாமாக முன்வந்து வாக்குத் தரும் ஏற்பாடு. அப்போதைய ஐ.நா. பொதுச்செயலர் கோஃபி அன்னான் 1999-ல் முன்வைத்து 2000 ஜூலையில் தொடங்கியது. முதலில் ஒன்பது கோட்பாடுகள் இருந்தன, 2004-ல் ஊழல் எதிர்ப்பு பத்தாவதாகச் சேர்ந்தது. முன்னேற்ற அறிக்கை தராத நிறுவனங்களைப் பட்டியலிலிருந்து நீக்குவார்கள், அப்படி ஆயிரக்கணக்கானவை நீக்கப்பட்டிருக்கின்றன. ஆனால் அறிக்கையில் சொன்னது ஆலையில் நடக்கிறதா என்று யாரும் நேரில் வந்து பார்ப்பதில்லை. சேர்ந்தது நல்லது, தொடக்கமாக வைத்துக்கொள்ளுங்கள்.

7. எங்களுக்குச் சரக்கு தரும் ஆலைகளில் வருடா வருடம் தணிக்கை நடக்கிறது. அப்புறம் ஏன் தொழிற்சங்கத்தையும் இந்த அமைப்புகளையும் உள்ளே விட வேண்டும்?

2013 ஏப்ரல் 24 அன்று வங்கதேசத்தின் சாவரில் ராணா பிளாசா கட்டடம் இடிந்து 1,100-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அதில் இயங்கிய ஆடை ஆலைகளில் சிலவற்றில் முன்பு தணிக்கை நடந்திருந்தது. அந்தத் தணிக்கைப் பட்டியலில் கட்டடத்தின் உறுதி ஒரு கேள்வியாகவே இல்லை. முந்தின நாள் சுவர்களில் விரிசல் தெரிந்தது. கீழ்த்தளங்களில் ஒன்றில் இருந்த வங்கி தன் ஊழியர்களை வர வேண்டாம் என்று சொல்லிவிட்டது. தையல் தொழிலாளர்களை மறுநாள் காலை மேலே ஏறச் சொன்னார்கள். "ஏற மாட்டோம்" என்று சொல்ல அவர்களுக்குச் சங்க பலம் இல்லை.

அடுத்த மாதமே கையெழுத்தான வங்கதேசத் தீ மற்றும் கட்டடப் பாதுகாப்பு உடன்படிக்கையைப் பற்றித் தெரிந்துகொள்வது இந்தத் துறையில் யாருக்கும் நல்லது. இரண்டு உலகத் தொழிற்சங்கக் கூட்டமைப்புகளும் நாளடைவில் 200-க்கு மேற்பட்ட ஆடை நிறுவனங்களும் சேர்ந்தன. வழிநடத்தும் குழுவில் நிறுவனங்களுக்கும் சங்கங்களுக்கும் சம இடம், நடுநிலைத் தலைவர் பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பிலிருந்து. தொண்டு அமைப்புகள் சாட்சியாகக் கையெழுத்திட்டன. பொறியாளர்கள் சோதித்த அறிக்கை ஆலையின் பெயரோடு வெளியானது. பழுது பார்க்க மறுக்கும் ஆலைக்குக் கையெழுத்திட்ட எந்த நிறுவனமும் ஆர்டர் தரக் கூடாது. பழுது பார்க்கப் பணம் கிடைக்க வழி செய்வதும் வாங்கும் நிறுவனத்தின் கடமை. ஆபத்து என்று தெரிந்தால் வேலைக்குள் நுழைய மறுக்கும் உரிமையும் தொழிலாளிக்கு எழுத்தில் கிடைத்தது.

எல்லாவற்றையும்விட முக்கியமான ஷரத்து ஒன்று இருந்தது. வாக்கை மீறும் நிறுவனத்தின் மேல் சங்கங்கள் நடுவர் மன்றம் போகலாம். 2016-ல் இரண்டு வழக்குகள் ஹேக் நகரின் நிரந்தர நடுவர் நீதிமன்றத்தில் பதிவாயின. இரண்டும் சமரசத்தில் முடிந்தன, அதில் ஒரு நிறுவனம் 20 லட்சம் டாலருக்கு மேல் தர ஒப்புக்கொண்டது. தணிக்கை நடத்துபவருக்குக் கூலி தருவது தணிக்கை செய்யப்படும் தரப்பு. இந்த உடன்படிக்கையில் சோதனை முடிவைக் கையில் வைத்துக்கொண்டு கேள்வி கேட்க வேறொரு தரப்புக்கு அதிகாரம் இருந்தது. உங்கள் தணிக்கை முறைக்கும் அதற்கும் உள்ள வித்தியாசம் இதுதான்.

8. நல்ல கதைதான். அதில் அரசு எங்கே போயிற்று? கட்டடத்தைச் சோதிப்பது அரசின் வேலை இல்லையா?

சரியான இடத்தில் பிடித்தீர்கள். ஏற்றுமதி ஆலைகளைத் தனியார் உடன்படிக்கை சோதித்தது. அதற்குள் வராத ஆலைகளை அரசும் முதலாளிகளும் தொழிலாளர் அமைப்புகளும் சேர்ந்து வகுத்த தேசியத் திட்டம் கவனிக்க வேண்டியிருந்தது. ஒரே நாட்டில் இரண்டு வேகம். வெளியிலிருந்து வந்த அமைப்பு அரசு ஆய்வாளரைவிடப் பலமாக இருப்பது யாருக்கும் வசதியாக இல்லை. எத்தனை நாள் இருப்பீர்கள் என்று ஆலை முதலாளிகளும் அரசும் கேட்டார்கள், வழக்கும் நடந்தது. 2020-ல் வேலைகள் உள்நாட்டில் உருவான ஒரு குழுமத்தின் கைக்குப் போயின.

எந்தக் கூட்டு முயற்சியிலும் இந்தச் சிக்கல் வரும். அரசால் முடியவில்லை என்று நாம் செய்யத் தொடங்கினால், அரசு அதைக் கற்றுக்கொள்ளாமலே போய்விடும். எனவே அரசு ஆய்வாளர்களையும் சோதனைக்கு உடன் அழைத்துப் போவது, அறிக்கையைப் பகிர்வது, பொறுப்பை எப்போது கைமாற்றுவது என்பதையெல்லாம் முதல் ஆண்டிலேயே பேசிவிட வேண்டும்.

9. நல்ல எண்ணத்தோடு மூன்று தரப்பும் சேர்ந்து செய்தால் கெடுதல் வராதுதானே?

வரும். பாகிஸ்தானின் சியால்கோட் நகரத்தைப் பாருங்கள். உலகில் கையால் தைக்கும் கால்பந்துகளில் பெரும்பகுதி அங்கிருந்து போய்க்கொண்டிருந்தது. வீடுகளில் குழந்தைகளும் தைத்தார்கள். செய்தி வெளியாகி எதிர்ப்பு கிளம்பியதும், 1997 பிப்ரவரியில் அட்லாண்டாவில் சியால்கோட் வர்த்தக சபை, பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பு, யூனிசெஃப் மூன்றும் ஒப்பந்தம் போட்டன. வீட்டுக்குள் போய்க் கண்காணிக்க முடியாது, எனவே தையலைக் கண்காணிக்கக் கூடிய மையங்களுக்கு மாற்ற வேண்டும் என்பது ஏற்பாடு. குழந்தை உழைப்பு குறைந்தது. ஆனால் வீட்டிலிருந்தபடி தைத்துச் சம்பாதித்த பெண்கள் பலரால் தொலைவில் இருந்த மையத்துக்குப் போக முடியவில்லை. வருமானம் போனது. பிறகுதான் பெண்களுக்கென்று சிறு மையங்கள் வந்தன.

யாரும் கெட்ட எண்ணத்தில் செய்யவில்லை. அட்லாண்டா மேசையில் அந்தப் பெண்கள் இல்லை, அவ்வளவுதான். ஒரு திட்டத்தால் வாழ்க்கை மாறப்போகிறவர் யார் யார் என்று பட்டியல் போட்டு, அதில் பேச்சுவார்த்தைக்கு வந்தவர்கள் எத்தனை பேர் என்று எண்ணிப் பார்ப்பது ஒரு மணி நேர வேலை. அதைக்கூட முக்கால்வாசி இடங்களில் செய்வதில்லை.

10. கம்பெனிப் பணத்தை வாங்கிவிட்டால் எங்கள் அமைப்பு வாயை மூடிக்கொள்ள வேண்டியதுதானா?

வாங்கும் விதத்தைப் பொறுத்தது. கடல் மீன்வளத்துக்கான எம்.எஸ்.சி. சான்று முறை, 1990-களின் நடுவில் உலக இயற்கை நிதியமும் யூனிலீவரும் சேர்ந்து யோசித்தது. 1997-ல் உருவான அந்த அமைப்பு 1999-லேயே இருவரிடமிருந்தும் விலகித் தனியாக நிற்கத் தொடங்கியது. அதன் சான்றுகளைப் பற்றி இன்றும் விமர்சனம் உண்டு, ஆனால் ஒரே கம்பெனியின் பையில் இருக்கிறது என்று சொல்ல முடியாது.

சிறு அமைப்புகளுக்கு நான் சொல்வது நாலைந்து காரியங்கள். மொத்த வரவில் ஒரே நிறுவனத்தின் பங்கு எவ்வளவு தாண்டக் கூடாது என்று உங்கள் குழுவே தீர்மானம் போட்டு வையுங்கள். ஒப்பந்தத்தை வெளியிடுங்கள். "நிறுவனத்தின் நற்பெயருக்குக் களங்கம் வரும்படி பேசக் கூடாது" என்ற ஷரத்து இருந்தால் கையெழுத்துப் போடாதீர்கள். அது பெரும்பாலும் பின்பக்கத்தில், சின்ன எழுத்தில், ரகசியக் காப்பு என்ற தலைப்பின் கீழ் ஒளிந்திருக்கும். ஓர் ஆலைக்கு எதிராகக் குரல் கொடுத்துக்கொண்டே அதே குழுமத்திடம் நிதி வாங்குவது நடக்காத காரியம், இரண்டில் ஒன்றை முன்கூட்டியே தேர்ந்துகொள்ளுங்கள்.

11. சரி, ஒப்பந்தத்தில் என்னென்ன எழுத வேண்டும்?

பணம் எவ்வளவு, எப்போது என்பதை எல்லோரும் எழுதிவிடுவார்கள். விட்டுவிடுவது மற்றவற்றை. முடிவெடுக்கும் குழுவில் யாருக்கு எத்தனை இடம்? கருத்து வேறுபாடு வந்தால் யார் தீர்ப்பது? தகவல் யாருக்குச் சொந்தம், மோசமான முடிவு வந்தாலும் வெளியிடலாமா? ஊர்க்காரர்கள் புகார் சொல்ல வேண்டுமானால் யாரிடம், எத்தனை நாளில் பதில்? ஒரு தரப்பு விலகினால் நடுவில் நிற்கும் வேலையை யார் முடிப்பது?

வெறும் புரிந்துணர்வு ஒப்பந்தம் போட்டுக் கைகுலுக்கிப் படம் எடுத்துக்கொள்வதை நான் ஒப்பந்தமாகவே எண்ணுவதில்லை. மீறினால் என்ன ஆகும் என்று ஒரு வரியாவது அதில் இருக்க வேண்டும். 7-வது பதிலில் சொன்ன நடுவர் மன்ற ஷரத்து போல எல்லோராலும் எழுத முடியாது. "மீறியதைப் பொதுவில் அறிவிக்கலாம்" என்றாவது எழுதலாம்.

12. நாங்கள் சின்னக் கம்பெனி. எங்களுக்கு இதெல்லாம் எதற்கு?

தனி அறக்கட்டளை, தனி அதிகாரி எதுவும் வேண்டாம். கூலி, பாதுகாப்பு, கழிவு மூன்றையும் ஒழுங்காக வைத்திருந்தால் 1-வது பதிலின் பாதி முடிந்தது. மீதிக்கு, ஒரே தொழிலில் இருக்கும் சிறு நிறுவனங்கள் சங்கமாகச் சேர்ந்து பொதுச் சுத்திகரிப்பு நிலையமோ குழந்தைகள் காப்பகமோ அமைப்பது தனித்தனியாகச் செய்வதைவிட மலிவு. பெரிய நிறுவனத்துக்குச் சரக்கு தருபவராக இருந்தால் ஒன்றைத் தயங்காமல் கேளுங்கள்: விலையைக் குறைத்து, கெடுவையும் குறைத்துவிட்டு, கூடுதல் நேர வேலை கூடாது என்று விதி போட்டால் எப்படி? வாங்குபவரின் ஆர்டர் போடும் முறையும் சமூகப் பொறுப்பில் அடங்கும்.

13. ஒரு நல்ல அதிகாரி இருந்தார், எல்லாம் ஓடியது. மாற்றலாகிப் போனார், நின்றுவிட்டது. என்ன செய்ய?

ஆளை நம்பிக் கட்டியது ஆளோடு போகும். அரசாணை, துறையின் வரவுசெலவுத் திட்டத்தில் ஒரு தலைப்பு, கூட்டம் நடத்த வேண்டிய பதவியின் பெயர் ஆகிய மூன்றில் குறைந்தது இரண்டு கிடைக்கும்படி அந்த நல்ல அதிகாரி இருக்கும்போதே செய்துகொள்ளுங்கள். கம்பெனியிலும் இதே கதைதான், அங்கே மேலாளர் வேலை மாறிப் போவார்.

14. ஊர்க் கூட்டம் போட்டோம், விளக்கினோம், கையெழுத்தும் வாங்கினோம். மக்கள் சம்மதம் கிடைத்ததாகத்தானே அர்த்தம்?

கூட்டத்துக்கு முன்பே இயந்திரங்கள் வந்து இறங்கிவிட்டனவா? அப்படியானால் அதற்குப் பெயர் தகவல் சொல்வது. 2007-ல் ஐ.நா. பொதுச்சபை ஏற்ற பழங்குடி மக்கள் உரிமைப் பிரகடனம் சம்மதத்துக்கு மூன்று அடைமொழி வைக்கிறது: கட்டாயமில்லாத, முன்கூட்டிய, விவரமறிந்த. பழங்குடியினருக்காகச் சொன்னது என்றாலும் எந்த ஊருக்கும் இதை அளவுகோலாக வைத்துக்கொள்ளலாம்.

விவரமறிந்த என்பதுதான் கடினம். முந்நூறு பக்கச் சுற்றுச்சூழல் அறிக்கையை வேற்று மொழியில் கொடுத்துவிட்டு முப்பது நாள் அவகாசம் என்றால் யாருக்கு விவரம் தெரியும்? ஊர் தானே தேர்ந்துகொள்ளும் ஒரு நிபுணருக்கு, முடிவு எப்படி இருந்தாலும் ஊதியம் கிடைக்கும்படி பொதுவான நிதியிலிருந்து கொடுப்பது ஒரு வழி. "வேண்டாம்" என்று சொன்னாலும் ஏற்றுக்கொள்வோம் என்ற நிலைமை இருக்கும்போதுதான் "சரி" என்பதற்கு மதிப்பு.

15. வலது கை கொடுப்பது இடது கைக்குத் தெரியக் கூடாது என்பார்கள். ஏன் இவ்வளவு அறிக்கை, அளவீடு?

தனி மனிதர் கொடுக்கும் தானத்துக்கு அந்தப் பேச்சு பொருந்தும். நிறுவனம் என்றால் பங்குதாரர், தொழிலாளர், ஊர் என்று பல பேருக்குப் பதில் சொல்ல வேண்டும். சொல்லாமல் இருப்பது அடக்கம் ஆகாது.

ஆனால் எண்ணிக்கையை மட்டும் எழுதுவதில் பயனில்லை. இத்தனை ஆயிரம் மரக்கன்று நட்டோம் என்பார்கள், மூன்று ஆண்டு கழித்து எத்தனை உயிரோடு நிற்கின்றன என்று ஒரு வரி இருக்காது. இத்தனை பேருக்குப் பயிற்சி என்பார்கள், வேலை கிடைத்தவர்கள் எத்தனை பேர் என்று இருக்காது. திட்டச் செலவைவிட அதை விளம்பரப்படுத்திய செலவு அதிகமாக இருந்தால் அதைத் தனியாக யாரும் சொல்ல வேண்டியதில்லை, கணக்கே சொல்லிவிடும். தோற்ற திட்டம் ஒன்றைப் பற்றி ஒரு பக்கமாவது இருக்கும் அறிக்கையை நான் நம்பிப் படிப்பேன்.

16. அரசும் கம்பெனியும் ஒரு பக்கம் சேர்ந்துகொண்டால்? எங்களை வைத்து அவர்கள் நல்ல பெயர் வாங்கிக்கொள்கிறார்கள் போலிருக்கிறதே?

இந்தச் சந்தேகத்தைக் கேட்பவர்கள் பெரும்பாலும் சரியாகத்தான் இருப்பார்கள். எண்ணெய், எரிவாயு, சுரங்கத் துறைக்கான வெளிப்படைத்தன்மை முன்முயற்சி என்று ஒன்று 2003 முதல் இயங்குகிறது. கம்பெனி அரசுக்குக் கட்டியது எவ்வளவு, அரசுக்கு வந்தது எவ்வளவு என்று ஒவ்வொரு நாட்டிலும் மூன்று தரப்புக் குழு வெளியிட வேண்டும். குடிமைச் சமூகம் சுதந்திரமாகச் செயல்பட வேண்டும் என்பது அதில் சேருவதற்கான நிபந்தனை. அஜர்பைஜான் அதை நிறைவேற்றவில்லை என்று 2017 மார்ச்சில் இடைநீக்கம் செய்தார்கள், உடனே அந்த நாடு வெளியேறிவிட்டது. ஓர் உறுப்பு நாட்டை இழந்தார்கள் என்றாலும் விதியை விட்டுக்கொடுக்கவில்லை.

இதற்கு நேர் எதிர் உதாரணமும் உண்டு. போர்க்குழுக்களுக்கு நிதி தரும் வைரங்களைத் தடுக்க 2003-ல் கிம்பர்லி ஏற்பாடு நடைமுறைக்கு வந்தது. அது உருவாகப் போராடிய அமைப்புகளில் ஒன்று குளோபல் விட்னஸ். ஆனால் கிளர்ச்சிக் குழுக்கள் செய்யும் வன்முறையை மட்டும்தான் அதன் வரையறை கணக்கில் எடுத்தது, அரசுப் படைகள் செய்வதை எடுக்கவில்லை. அரசுப் படைகள் வன்முறை செய்த ஜிம்பாப்வேயின் மராங்கே சுரங்கப் பகுதியின் வைரத்தை ஏற்றுமதி செய்ய அனுமதி கிடைத்ததும், 2011 டிசம்பரில் குளோபல் விட்னஸ் வெளியேறியது.

எப்போது வெளியேறுவது என்றால், உள்ளே நுழையும்போதே எல்லைக்கோட்டை எழுதி வைத்துக்கொள்ளுங்கள். கூட்ட நடவடிக்கைக் குறிப்பில் உங்கள் மறுப்பைப் பதிய மறுக்கிறார்கள், தகவல் தருவதில்லை, உங்கள் பெயரை மட்டும் பயன்படுத்துகிறார்கள் என்றால் அதற்குமேல் இருக்க வேண்டியதில்லை. போகும்போது காரணத்தை வெளியிட்டுவிட்டுப் போங்கள். சத்தமில்லாமல் விலகினால் அடுத்த அறிக்கையிலும் உங்கள் சின்னம் இருக்கும்.

17. வெளிநாட்டுத் தலைமையகம் உள்ள நிறுவனத்தால் பாதிப்பு என்றால் எங்கே முறையிடுவது?

ஓ.இ.சி.டி. எனும் பொருளாதார ஒத்துழைப்பு மற்றும் வளர்ச்சி அமைப்பின் பன்னாட்டு நிறுவன வழிகாட்டுதல்கள் 1976 முதல் உள்ளன, கடைசியாகத் திருத்தியது 2023-ல். அவற்றை ஏற்ற ஒவ்வொரு நாட்டிலும் தேசியத் தொடர்பு மையம் ஒன்று இருக்க வேண்டும். அங்கே தொழிற்சங்கமோ தொண்டு அமைப்போ பாதிக்கப்பட்டவரோ புகார் தரலாம். தண்டிக்கும் அதிகாரம் அதற்கு இல்லை, சமரசம் பேசலாம், அறிக்கை வெளியிடலாம். பல புகார்கள் ஒன்றும் நடக்காமலே முடிகின்றன. ஆனால் காங்கோவின் விருங்கா தேசியப் பூங்காவில் எண்ணெய் தேடிய சோகோ என்ற பிரிட்டன் நிறுவனத்தின் மேல் உலக இயற்கை நிதியம் 2013-ல் பிரிட்டன் மையத்தில் புகார் கொடுத்தது. 2014 ஜூனில் சமரசப் பேச்சில் அந்த நிறுவனம் பூங்காவுக்குள் தேடலை நிறுத்திக்கொள்வதாக ஒப்புக்கொண்டது. வெளியே பெரிய பிரசாரமும் கூடவே நடந்தது, அது இல்லாமல் புகார் மட்டும் இதைச் சாதித்திருக்கும் என்று நான் நினைக்கவில்லை.

18. மூன்று ஆண்டுத் திட்டம் முடிந்ததும் கம்பெனி போய்விடுகிறது. அப்புறம் கட்டடம் பூட்டியே கிடக்கிறது. இதற்கு வழி உண்டா?

3-வது பதிலில் சொன்ன "தேவைப்படும் காலம் வரை" என்ற வாக்கு அபூர்வம். பெரும்பாலான நிறுவனங்கள் நிதியாண்டைத் தாண்டி யோசிப்பதில்லை. எனவே முடிவைப் பற்றிய பேச்சை முதல் கூட்டத்தில் எடுங்கள். கட்டடம் யார் பெயரில் பதிவாகும், மின்கட்டணமும் பணியாளர் சம்பளமும் நான்காம் ஆண்டில் எந்தக் கணக்கிலிருந்து வரும் என்று கேளுங்கள். பதில் இல்லையென்றால் கட்டடத்தை விட்டுவிட்டு, இருக்கும் அரசு மையத்தில் இல்லாததை நிரப்பச் சொல்லுங்கள்.

நிதியை ஒரே நாளில் நிறுத்தாமல் இரண்டாம் ஆண்டிலிருந்து படிப்படியாகக் குறைத்து, குறையும் அளவை அரசுத் துறையோ உள்ளூர் அமைப்போ ஏற்கும்படி அட்டவணை போடலாம். அந்தத் துறை தன் பங்கை முதல் தவணையிலேயே தரவில்லை என்றால், மூன்றாம் ஆண்டு வரை காத்திருக்காமல் அப்போதே வேலையை நிறுத்திப் பேசுவது நல்லது.